கோபியில் ஒரு கொடியடுப்பு

"கோபிசெட்டிபாளையத்துக்குப் போகிறேன்" என்று நான் சொன்னதுதான் தாமதம், ஆபீசில் எல்லாரும் ஒரே குரலில், "என்ன படம்? யார் கதாநாயகன்?" என்று கேட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. 'சின்னக் கோடம்பாக்கம்' என்றே பெயர் வாங்கிவிட்ட ஊர் அல்லவா அது? பச்சை வயல், ஓடும் வாய்க்கால், வரப்போரத் தென்னை என்று திரையில் கண்டபோதெல்லாம் நீங்களும் கோபியைப் பார்த்திருக்கலாம். ஊரின் பெயர் தெரியாமல் பார்த்திருப்பீர்கள், அவ்வளவுதான்.

ஆனால் நான் போனது கதாநாயகனைத் தேடி அல்ல. கொள்ளு வேகிற அழகைப் பார்க்க! என்ன, சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். முழுவதும் படித்துவிட்டுச் சிரித்தால் இன்னும் நல்லது.

விஷயம் இதுதான். 'ஸ்லோ குக்கர்' என்று ஒரு மின்சாரப் பானை இப்போது நகரத்துக் கடைகளில் கிடைக்கிறது. உள்ளே கனமான பீங்கான் பானை, வெளியே சூடேறும் உறை, மேலே ஒரு கண்ணாடி மூடி. காலையில் சாமான்களைப் போட்டு விசையைத் திருப்பிவிட்டுப் போனால், சாயங்காலம் வரும்போது சமையல் ஆகியிருக்குமாம். ஆசையாக வாங்கிய என் சிநேகிதி ஒருத்தி, அதனுடன் வந்த குறிப்புப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில் நம் வீட்டுச் சமையல் ஒன்றுகூட இல்லையே!" என்று பானையைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். நம் வீட்டுச் சமையலா இல்லை? மின்சாரம் வருவதற்கு முன்பே மெதுவாகச் சமைத்த ஊர்கள் நம்மிடம் இருக்கின்றனவே! அவற்றில் ஒன்றை நேரில் பார்த்துவிட்டு வருவோம் என்றுதான் புறப்பட்டேன்.

ஈரோட்டிலிருந்து பஸ். வழியில் கவுந்தப்பாடி வருகிறது. பழனி முருகனின் பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச் சர்க்கரை அனுப்பும் ஊர் அது. அதைத் தாண்டினால் கரும்பும் மஞ்சளும் வாழையும் மாறி மாறிக் கண்ணில் படுகின்றன. கோபியை நெருங்க நெருங்க நெல் வயல்கள்.

இந்தப் பசுமைக்கெல்லாம் மூலகாரணம் பவானி நதி. கோபிக்கு மேற்கே கொடிவேரியில் அதன் குறுக்கே ஓர் அணைக்கட்டு இருக்கிறது. 1125-ஆம் ஆண்டில் கட்டியது என்று சொல்கிறார்கள். அங்கிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள்தாம் கோபி வட்டார வயல்களுக்குத் தாய்ப்பால். விடுமுறை நாளில் அங்கே போனால் அருவிபோல விழும் நீரில் குளிக்கலாம். கரையிலேயே சுடச்சுட மீன் வறுவல் கிடைக்கும். பிறகு 1955-இல் பவானிசாகர் அணை கட்டி முடிந்தது. கீழ்பவானி வாய்க்கால், மேட்டு நிலங்களுக்கும் தண்ணீரைக் கொண்டு போயிற்று.

'கொள்ளைப் பார்க்க வந்தவள் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறாளே' என்று நினைக்காதீர்கள். சம்பந்தம் இருக்கிறது. வாய்க்கால் எட்டாத மானாவாரி நிலத்தைக் கொங்கு நாட்டில் 'காடு' என்பார்கள். புலி கரடி உள்ள காடு அல்ல. கம்பும் சோளமும் கொள்ளும் விளைகிற காடு. வானத்தை நம்பி விளையும் இந்தத் தானியங்கள் லேசில் வேகக்கூடியவை அல்ல. கொள்ளின் பிடிவாதம் உங்களுக்கே தெரியும். அதைப் பொறுமையாக வேகவைக்க வேண்டிய பெண்களோ, களையெடுக்கவும் கதிர் அறுக்கவும் விடிந்ததும் காட்டுக்குப் போயாக வேண்டியவர்கள். அடுப்பைப் பார்ப்பதா, காட்டைப் பார்ப்பதா? இந்தக் கேள்விக்கு அவர்கள் கண்ட பதில்தான் கொடியடுப்பு.

பாரியூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கொண்டத்துக் காளியம்மன் கோயில் பாரியூரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். விறகை எரித்துக் கனிய வைத்த தணலின் மேல் மார்கழித் திருவிழாவில் பக்தர்கள் நடப்பார்கள். தணலின் குணம் தெரிந்த பூமி! அங்கே ஒரு வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டியம்மாள் என்னை வரவேற்றார்.

"வாங்க அம்மிணி, உக்காருங்க. மொதல்ல மோரு குடிங்க" என்றவர், நான் வந்த காரியத்தைச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார். "அடுப்பப் பாக்கவா பஸ் ஏறி வந்தீங்க? உங்க ஊர்ல அடுப்பில்லீங்களா?"

வீட்டின் புறக்கடையில், அவர்கள் பேச்சில் சொன்னால் 'பொடக்காணி'யில், இன்னும் அந்த அடுப்பு இருக்கிறது. மண்ணால் ஆன ஒரே மேடையில் இரண்டு குழிகள். முதல் குழிக்கு மட்டுமே விறகு வைக்க வாய் உண்டு. இரண்டாவதுக்கு வாய் கிடையாது. முதல் அடுப்பின் அனல் உள்ளே உள்ள துவாரத்தின் வழியாக அதற்குப் போகிறது. கொடியிலிருந்து இன்னொரு கொடி படர்வதைப் போலச் சூடு படர்வதால் கொடியடுப்பு என்ற பெயர் எத்தனை பொருத்தம்! முன்னடுப்பில் காலைச் சமையல் நடக்கும்போதே, பின்னடுப்பில் மண்சட்டிக் கொள்ளு தன்பாட்டுக்குச் சூடேறும். சமையல் முடிந்ததும் விறகை இழுத்து அணைத்துவிட்டு, தணலின் மேல் சாம்பலை மூடிவிடுவார்கள். சட்டி அங்கேயே இருக்கும்.

"காத்தால கொள்ள ஏத்தி வெச்சுட்டுக் காட்டுக்குப் போனமுன்னா, பொழுதோட வர்றப்ப பூவாட்டம் வெந்து கெடக்குமுங்க. வந்து கடையறதுதான் வேலை" என்றார் பாட்டியம்மாள்.

"இப்போது வீட்டுக்குள் காஸ் அடுப்பும் குக்கரும் இருக்கின்றனவே, ஆத்தா! அது இன்னும் சுலபம் இல்லையா?"

"வேவறது சீக்கிரம்தானுங்க. ஆனா அது என்ற மருமவள அவத்தயே நிக்க வெச்சுப்போடுதே! எத்தன தடவ கத்துச்சுன்னு எண்ணீட்டே நிக்கோணும். நாங்க அடுப்ப உட்டுப்போட்டு வெளிய போனமுங்க. அவளால போக முடியறதில்லீங்களே!"

அடடா! சமையல் சாஸ்திரப் புத்தகங்களில் தேடினாலும் இந்த ஒரு வாக்கியம் அகப்படுமா? ஒரு பண்டம் எத்தனை நேரம் அடுப்பில் இருக்கிறது என்றுதான் நாம் கணக்குப் பார்க்கிறோம். அதன் பக்கத்தில் ஒருத்தி எத்தனை நேரம் நிற்கிறாள் என்று கணக்குப் பார்ப்பதில்லை. இருபது நிமிஷத்தில் முடிகிற சமையல் அந்த இருபது நிமிஷமும் உங்களை விடாது. எட்டு மணி நேரச் சமையலோ பத்து நிமிஷத்தில் உங்களை அனுப்பிவிடும். எது வேகமான சமையல்? நீங்களே சொல்லுங்கள்.

அதற்காகப் பழைய அடுப்பைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு கூத்தாடவும் நான் தயாராயில்லை. விறகு பொறுக்கிய முதுகும், புகையில் கரித்த கண்ணும், ஊதி ஊதிக் களைத்த நெஞ்சும் யாருடையவை? பாட்டியம்மாளே, "புகைய மட்டும் நெனச்சா இன்னிக்கும் கண்ணுல தண்ணி வருதுங்க" என்றார். வேண்டியது புகையில்லாத கொடியடுப்பு.

அதைத்தான் உலகத்தில் பல பேர் தேடியிருக்கிறார்கள். கல்கத்தாவில் டாக்டர் இந்துமாதவ மல்லிக் என்பவர் 1910-ஆம் ஆண்டு வாக்கில் 'இக்மிக் குக்கர்' என்று ஒன்றைச் செய்தார். டிபன் கேரியர் போன்ற அடுக்குகளில் அரிசியும் பருப்பும் காய்கறியும். அடியில் கொஞ்சம் கரித்தணல். ஆள் வெளியே போய் வருவதற்குள் நீராவியில் சாப்பாடு தயார். யுத்த காலத்தில் எரிபொருள் பஞ்சம் வந்தபோது, ஐரோப்பாவில் கொதிக்கும் பாத்திரத்தை வைக்கோல் திணித்த பெட்டிக்குள் மூடிவைத்து வேகவைத்தார்கள்.

இன்றைய மின்சாரப் பானையின் கதை இன்னும் ரசமானது. அமெரிக்காவில் இர்விங் நாக்ஸன் என்ற யூதர் அதற்கு 1940-இல் காப்புரிமை பெற்றார். யூதர்கள் ஓய்வுநாளில் தீ மூட்டக் கூடாது. ஆகவே அவருடைய தாயாரின் சொந்த ஊரான லித்துவேனியாவில், வெள்ளிக்கிழமை மாலை அவரைப் பயறுச் சட்டிகளை ரொட்டிக் கடை அடுப்பில் கொண்டுபோய் வைப்பார்களாம். ஆறிவரும் அடுப்பின் சூட்டில் இரவெல்லாம் வெந்து மறுநாள் சாப்பாட்டுக்குத் தயாராகிவிடும். தாயார் சொன்ன இந்தச் சமாசாரம்தான் மகனுக்கு யோசனை கொடுத்தது. 1971-இல் அது 'கிராக் பாட்' என்ற பெயரில் கடைக்கு வந்து வீடுவீடாகப் புகுந்தது. லித்துவேனியா எங்கே, பாரியூர் எங்கே! அணைந்த அடுப்பின் மிச்சச் சூட்டை வீணாக்க மனம் வராத பெண்கள் இரண்டு இடத்திலும் இருந்திருக்கிறார்கள்.

சரி, பரண்மேல் இருக்கும் பானையைக் கீழே இறக்குங்கள். மூன்று கொங்கு நாட்டுப் பண்டங்களைச் சொல்கிறேன்.

முதலில் கொள்ளு. ஒரு டம்ளர் கொள்ளைக் கல் பொறுக்கி, இரவே ஊறப் போடுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதிதாக ஐந்து டம்ளர் தண்ணீர் விட்டு அடுப்பில் பத்து நிமிஷம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். பிறகு பானைக்கு மாற்றி, குறைந்த சூட்டில் எட்டு மணி நேரம். உப்பும் புளியும் இப்போது வேண்டாம். புளிப்புச் சேர்ந்தால் கொள்ளு வேக மறுக்கும். மாலையில் தண்ணீரை வடித்துத் தனியே வையுங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மல்லி, வரமிளகாய், கறிவேப்பிலை இவற்றை வதக்கி, வெந்த கொள்ளோடு உப்புச் சேர்த்துக் கரகரப்பாக அரைத்தால் கொள்ளுப் பருப்பு. வடித்த தண்ணீரில் புளி கரைத்து, மிளகு சீரகம் தட்டிப் போட்டால் கொள்ளு ரசம். ஒரு பானை, இரண்டு பண்டம்! சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டுக் கொள்ளுப் பருப்பைப் பிசைந்து பாருங்கள்.

இரண்டாவது கம்பங்கூழ். ஒரு டம்ளர் கம்பு ரவையைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துப் பானையில் விட்டு, ஆறு டம்ளர் கொதிநீர் ஊற்றிக் கிளறி மூடுங்கள். இரவு படுக்கும்போது வைத்தால், குறைந்த சூட்டில் ஆறு மணி நேரத்தில் குழைந்துவிடும். அடிபிடிக்குமோ என்ற கவலை இல்லை. ஆறியதும் உப்பும் மோரும் சேர்த்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொள்ள வேண்டியது.

மூன்றாவது, கொங்கு வீடுகளின் செல்லப்பிள்ளையான அரிசிம் பருப்பு. இதை மின்சாரப் பானையில் நாள் முழுக்க விட்டால் கஞ்சியாகிவிடும். இதற்கு ஏற்றது வைக்கோல் பெட்டி முறை. சூடு காக்கும் உறையுடன் 'தெர்மல் குக்கர்' என்று கடையில் விற்பதும் அதன் பேத்திதான். ஒரு டம்ளர் அரிசி, அதில் மூன்றில் ஒரு பங்கு துவரம்பருப்பு. இரண்டையும் அரை மணி ஊறவையுங்கள். கடுகு, சீரகம், மிளகு, பூண்டு, சின்ன வெங்காயம், வரமிளகாய், மஞ்சள்தூள் தாளித்து, மூன்றரை டம்ளர் தண்ணீர் விட்டு, உப்புப் போட்டு, அரிசி பருப்பைச் சேர்த்துப் பத்து நிமிஷம் மூடிக் கொதிக்கவிடுங்கள். கொதிப்பு அடங்குமுன் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து, நெய் விட்டுப் பரிமாறலாம். பாத்திரம் முக்கால்வாசியாவது நிறைந்திருக்கட்டும். கொஞ்சமாக வைத்தால் சூடு தங்காது.

இனி சில எச்சரிக்கைகள். ராஜ்மாவை ஒருபோதும் நேரடியாக மின்சாரப் பானையில் போடாதீர்கள். சரியாகக் கொதிக்காத ராஜ்மாவில் இருக்கும் ஒருவகை நஞ்சு கடுமையான வாந்தியை உண்டாக்கும். மெதுவான சூடு அதை அழிக்காது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடுப்பில் பத்து நிமிஷமாவது நன்றாகக் கொதித்த பிறகே பானைக்குப் போக வேண்டும். ஆட்டுக்கால் சாறு வைக்கிறவர்கள் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த கறியை உறைந்தபடியே போடக் கூடாது. தேங்காய்ப்பாலும் தயிரும் கடைசியில்தான். அடிக்கடி மூடியைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள். ஒரு தடவை திறந்தால் இழந்த சூடு திரும்பச் சுமார் அரை மணி ஆகும். நீங்கள் வெளியே போயிருந்தபோது மின்சாரம் பல மணி நேரம் நின்றுபோனது தெரிந்தால், மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு அதைக் கொட்டிவிடுங்கள். பண்டத்தைவிட வயிறு முக்கியம்.

மின்சாரச் செலவு பயமா? 200 வாட் பானை எட்டு மணி நேரம் வேலை செய்தால் 1.6 யூனிட்; அவ்வளவுதான்.

விடைபெறும்போது பாட்டியம்மாளிடம் இந்தப் பானையைப் பற்றி விவரித்தேன். எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, "ஊத வேண்டியதில்லீங்களா?" என்றார். "இல்லை" என்றேன். "எண்ண வேண்டியதும் இல்லீங்களா?" "அதுவும் இல்லை." உடனே சமையலறைப் பக்கம் திரும்பி, "அம்மிணி, நமக்கும் ஒண்ணு வாங்கிப்போடலாமா?" என்று மருமகளைக் கூப்பிட்டார்.

நீங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொள்ளிலிருந்து ஆரம்பியுங்கள். மூடியைப் போட்ட பிறகு கோயிலுக்குப் போங்கள், புத்தகம் படியுங்கள், இல்லையென்றால் நிம்மதியாகத் தூங்குங்கள். பானை எட்டு மணி நேரம் வேகட்டும். அதன் பக்கத்தில் நின்று நீங்களும் வேக வேண்டியதில்லை!