சட்டையும் விசிலும்

மதுரை கே.கே. நகரில் எங்கள் அப்பார்ட்மெண்ட் காவலுக்கு, உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஓர் அண்ணன் வருகிறார்.

''டிரெய்னிங் கொடுத்தாங்களாண்ணே?''

''சட்டையும் விசிலும் கொடுத்தாங்க தம்பி!''

''வயசு?''

''சீட்டுல அறுபத்திநாலு. நெசத்துக்கு எழுபது தாண்டிருச்சு.''

2005-ம் வருடத்துச் சட்டப்படி ஏஜென்சிக்கு லைசென்ஸ் கட்டாயம். இல்லாவிட்டால் ஓராண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ! காவலருக்கு வயது 18 முதல் 65 வரை. மத்திய அரசின் 2006 மாதிரி விதிகளில், 100 மணி நேரம் வகுப்பு, 60 மணி நேரம் களப்பயிற்சி என்று இருந்தது.

புகார் எழுத உட்கார்ந்தேன். முதலில் போவது அண்ணனின் வேலைதானே? பேனாவை மூடிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கொட்டேஷன் குறைச்சல் என்று அந்த ஏஜென்சிக்குக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். பி.காம். படித்தவன்... லைசென்ஸ் காப்பி கேட்கத் தோணலை. நீங்களாவது கேளுங்கள்!