ஸே அகெய்ன்

சரியாகப் பேசிய ஒரு மாணவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தியவன் நான்.

சென்னையில் ஒரு கடல்சார் பயிற்சி மையத்தில் ஆங்கிலம் கற்பிக்கச் சேர்ந்திருந்தேன். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படித்தவன், கப்பல் ஏறியதில்லை. எதிரே, மாலுமி வேலைக்கான ஆறு மாத ஜி.பி. ரேட்டிங் பயிற்சிக்கு வந்த பையன்கள். பள்ளியிலிருந்தே வாத்தியாருக்குப் பயந்து வளர்ந்தவர்கள்.

ஒருநாள் நான் வேகமாக ஏதோ சொல்ல, தூத்துக்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்து, “ஸே அகெய்ன், சார்” என்றான். எனக்குச் சுருக்கென்றது. வாத்தியாரையே ஏவுகிறானா? “ஐ பெக் யுவர் பார்டன் என்று கேட்கத் தெரியாதா?” என்று திட்டி, மணி அடிக்கும்வரை வராந்தாவில் நிற்க வைத்தேன். அதன்பின் அந்த வகுப்பில் யாரும் எதையும் திருப்பிக் கேட்கவில்லை. “புரிந்ததா?” என்றால் நாற்பது குரலும் “எஸ் சார்” என்றன. நன்றாக நடத்துகிறேன் என்று நம்பினேன்.

அவன் பேசியதுதான் கடல் ஆங்கிலம். சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001 நவம்பரில் ஏற்றுக்கொண்ட தொடர்களின்படி, காதில் சரியாக விழாவிட்டால் ‘ஸே அகெய்ன்’ என்றுதான் சொல்ல வேண்டும். அதில் ‘மே ஐ’ கிடையாது. ‘மே’ அனுமதியையும் குறிக்கும், ‘ஒருவேளை’யையும் குறிக்கும். ரேடியோவில் ‘ஃபிஃப்டீன்’ ‘ஃபிஃப்டி’யாகக் கேட்கும் என்பதால் ‘ஒன் ஃபைவ்’. சுக்கான் பிடிப்பவர் ஆணையைத் திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும். காது தவறும் என்பதை ஒப்புக்கொண்டு உருவாக்கிய மொழி அது. அந்தத் தொடர்கள் அடங்கிய புத்தகம் என் மேசை டிராயரில் கிடந்தது. மேசைமேல் இலக்கணப் புத்தகம்.

மொழி புரியாததன் விலை எனக்குத் தெரியாததும் அல்ல. 1990 ஏப்ரலில் ஸ்காண்டிநேவியன் ஸ்டார் கப்பல் தீப்பிடித்து 159 பேர் இறந்தார்கள். பணியாளர்கள் பலருக்கும் பயணிகளுக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. அந்தச் செய்தியை நான் உச்சரிப்புப் பயிற்சிக்காக வாசிக்க வைத்திருக்கிறேன்.

இரண்டு வருடம் கழித்து, முதல் கான்ட்ராக்ட் முடித்து அந்தத் தூத்துக்குடிப் பையன் என்னைப் பார்க்க வந்தான். சாக்லேட் டப்பாவை நீட்டிய கையில், பெருவிரல் அடியிலிருந்து சுண்டுவிரல்வரை பளபளப்பாக ஒரு வடு. துறைமுகத்தில் கப்பலைக் கயிற்றால் கட்டும்போது, விஞ்ச் சத்தத்தில் சீஃப் ஆபீசர் வாக்கி-டாக்கியில் சொன்னது பாதிதான் கேட்டதாம். “எஸ் சார்” என்று சொல்லிவிட்டு, பிடித்து நிறுத்த வேண்டிய கயிற்றைத் தளர்த்தியிருக்கிறான். அது உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியிருக்கிறது.

“திருப்பிக் கேட்டிருக்கலாமேப்பா?”

“ஏசுவாங்கன்னு நெனச்சேன் சார்.”

என்னைக் குத்திக்காட்ட அவன் அதைச் சொல்லவில்லை. அந்த வராந்தா நினைவிருக்கிறதா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அது என் இரண்டாவது தவறு.

இப்போது ஒவ்வொரு பேட்சிலும் முதல் வகுப்பில், வேண்டுமென்றே வாய்க்குள் முனகியபடி ஓர் ஆணை சொல்கிறேன். யாராவது ‘ஸே அகெய்ன்’ என்று கேட்கும்வரை மேலே போவதில்லை. சில நாள் பத்து நிமிடம்கூட ஆகிறது. காத்திருக்கிறேன்.

ஆனால் அந்தப் பழைய வகுப்பின் நாற்பது பேர் எந்தெந்தக் கப்பலில், யாருக்கு, புரியாமலே “எஸ் சார்” சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ! அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தம்பிகளா, அன்று அவன் கேட்டதுதான் சரி. புரியாவிட்டால் கேளுங்கள்.