வண்டி முனகினால்...

கைக்குழந்தை அழுதால், இது பசிக்கு, இது வயிற்று வலிக்கு, இது தூக்கத்துக்கு என்று குரலை வைத்தே சொல்லிவிடுகிறோம். மிக்ஸி ஓடுகிற சத்தம் கொஞ்சம் மாறினாலே, 'என்னமோ சிக்கியிருக்கு' என்று கை தானாக ஸ்விட்சுக்குப் போய்விடுகிறது. ஆனால் வாசலில் நிற்கும் வண்டி மட்டும் ஆண்கள் சமாசாரம் என்று ஒதுங்கிக் கொள்கிறோம். அப்படி ஒதுங்க வேண்டியதே இல்லை சகோதரிகளே! எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

எங்களுக்கு ராஜபாளையம். என் வீட்டுக்காரர் ஒரு பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். சுற்றுக் கிராமங்களில் விடியற்காலையில் கறக்கும் பாலைக் கேன்களில் ஏற்றி, சுமார் 12 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் தொழில். ஆண்டாள் கோயிலுக்கு அடுத்தபடியாக அந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது பால்கோவாதான். 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் பால் யாருக்காகவும் காத்திருக்காது. வெயில் ஏறுமுன் அடுப்புக்குப் போயாக வேண்டும். நடுரோட்டில் வண்டி நின்றுவிட்டால் பாலும் போச்சு, அந்த மாதத் தவணையும் போச்சு!

ஒரு பங்குனி மாதம். விடிகாலையில் நான் கோலம் போட்டுக் கொண்டிருக்கும்போது அவர் வண்டியைக் கிளப்பினார். எஞ்சின் சத்தத்துக்கு நடுவே, வெறும் திருகையைச் சுற்றுகிற மாதிரி ஒரு கரகரப்பு. உள்ளே உட்கார்ந்திருந்த அவருக்கு அது சரியாகக் கேட்கவில்லை. இரண்டு மூன்று நாளில் அவர் காதுக்கும் எட்டி, ஒரு பட்டறையில் கொண்டுபோய்க் காட்டினார்.

"இது எஞ்சின் வேலை. இறக்கிப் பிரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும். 45,000 ரூபா ஆகும்" என்று சொல்லிவிட்டார்களாம்.

மனிதர் முகம் வாடி வந்து திண்ணையில் உட்கார்ந்தார். கையில் பணம் இல்லை. அடகு வைக்க இருப்பது என் கழுத்துச் சங்கிலி ஒன்றுதான். அதைக் கேட்கவும் வாய் வரவில்லை அவருக்கு.

அப்போது என் அத்தை, அவரைப் பெற்றவர், பேச்சில் புகுந்தார். இளவயதில் நூற்பு மில்லில் வேலை பார்த்தவர். நாள் முழுக்க இயந்திரங்களோடு பழகிய காது!

"அவசரப்பட்டுச் சங்கிலியக் கழட்டாதத்தா. மில்லுல பேரிங் போறதுக்கு முன்னாடி இப்படித்தான் முனகும். அப்புறம் கத்தும். அப்புறம் நின்னுரும். இது எப்ப வருது, எப்ப வரலன்னு மொதல்ல பாரு."

அத்தை சொன்னபடி, பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று நாள் குறித்து வந்தேன். வண்டி நின்ற இடத்தில் ஓடினாலும் சத்தம் வந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தமும் கூடவே ஏறியது. கிளட்ச்சை மிதித்தாலும் விட்டாலும் மாற்றமில்லை. குளிர்ந்த எஞ்சினிலும், ஊர் போய்த் திரும்பிய சூட்டிலும் ஒரே மாதிரிதான். பின்பக்கத்தைவிட முன்பக்கத்தில் அதிகம்.

மூன்றாம் நாள் இன்னொன்றும் கண்ணில் பட்டது. இரவு வண்டி நின்ற இடத்தில், கோலத்தின் ஓரத்தில், பச்சையாக நாலு சொட்டு. என் மூன்று வயதுப் பையன் அதைத் தொட விரலை நீட்டிக் கொண்டிருந்தான். பக்கத்து வீட்டு ராஜபாளையம் நாயும் (2005-ல் தபால் தலையில் இடம்பெற்றதே, அந்த வெள்ளை ஜாதிதான்) மோப்பம் பிடித்துக் கொண்டு வந்தது. இரண்டையும் விரட்டிவிட்டு, பச்சைச் சொட்டையும் நோட்டில் எழுதினேன்.

மறுநாள் பால் இறக்கிய கையோடு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனோம். அண்ணாச்சி நோட்டை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"பாதி வேலைய நீயே முடிச்சிட்டியே, தாயி!" என்றார்.

பிறகு எனக்கும் விளக்கினார். நிற்கும்போதே சத்தம் வந்தால் சக்கரத்தில் கோளாறில்லை. கிளட்ச்சை மிதித்ததும் சத்தம் நின்றால் கியர்பாக்ஸ் பக்கம் சந்தேகப்படலாம்; மிதித்தால் மட்டும் வந்தால் கிளட்ச் பேரிங்காக இருக்கலாம். இரண்டும் இல்லை. எஞ்சின் வேகத்தோடு ஏறுகிறது, முன்பக்கம் கேட்கிறது, கூடவே பச்சைச் சொட்டு. எனவே எஞ்சினைப் பிரிக்குமுன் பார்க்க வேண்டிய இடம் பெல்ட்டில் ஓடும் பாகங்கள்.

ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்து, முனையை எஞ்சினின் ஒவ்வோர் இடமாக வைத்து, பிடியைத் தன் காதருகில் வைத்துக் கேட்டார். 1816-ல் பாரிஸில் லேனக் என்ற டாக்டர், ஒரு பெண் நோயாளியின் மார்பில் காதை வைக்கக் கூசி, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டாராம். ஸ்டெதாஸ்கோப் பிறந்தது அப்படித்தான். அண்ணாச்சியின் வைத்தியமும் அதே வழிதான்!

கடைசியில் வண்டியை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக எஞ்சினை ஓடவிட்டார். கரகரப்பு போன இடம் தெரியவில்லை! மறுபடி நிறுத்தி, வாட்டர் பம்ப்பின் சக்கரத்தைக் கையால் ஆட்டிக் காட்டினார். விழப் போகிற பால் பல் மாதிரி ஆடியது.

எஞ்சினைக் குளிர வைக்கும் நீரைச் சுற்றி வரச் செய்வது இந்தப் பம்ப்தான். உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால், அடியிலுள்ள சின்னத் துவாரம் வழியாகச் சொட்டும். பேரிங் தேய்ந்தால் முனகும். கவனிக்காமல் ஓட்டினால் ஒருநாள் பம்ப் இறுகிப் பெல்ட் அறுந்துவிடும். எஞ்சின் கொதித்து ஹெட் வளைந்து போகும். அப்போது நிஜமாகவே எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான். புதுப் பம்ப், புதுப் பெல்ட், கூலி எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய்க்குள் முடிந்தது. சங்கிலி என் கழுத்திலேயே இருக்கிறது.

புறப்படும்போது அண்ணாச்சி, "அந்தப் பச்சைத் தண்ணியப் பிள்ளை தொட்டானா?" என்று கேட்டார். அதன் காரணத்தை இளம் தாய்மார்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அது வெறும் தண்ணீர் அல்ல, கூலண்ட். பெரும்பாலான கூலண்டில் எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் இருக்கிறது. தித்திப்பாக இருப்பதால் குழந்தையும் நாயும் நக்கிவிடும். முதலில் குடித்தவர்போலத் தள்ளாட்டம், வாந்தி, மயக்கம் வரும். ஒன்றிரண்டு நாளில் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். ஆகவே:

* கூலண்டை அதன் சொந்தக் கேனிலேயே, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது.
* தரையில் சொட்டியிருந்தால் பழந்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அந்தத் துணியை அப்போதே அப்புறப்படுத்துங்கள்.
* குழந்தை குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்காமல், கேனையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 'நல்லாத்தானே இருக்கான்' என்று காத்திருக்க வேண்டாம்.
* எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும். வெந்துவிட்டால் இங்க், பற்பசை எதுவும் தடவாமல், 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு டாக்டரிடம் போங்கள்.
* எஞ்சின் ஓடும்போது பானட்டைத் திறந்து குனிய வேண்டாம். முந்தானையும் பின்னலும் பெல்ட்டில் சிக்கினால் ஆபத்து. பெல்ட்டைக் கழற்றுவதெல்லாம் மெக்கானிக் வேலை. நம் வேலை கேட்பதும் குறிப்பதும்தான்.

டாக்டரிடம் போகும்போது காய்ச்சல் எப்போது வந்தது, எத்தனை டிகிரி என்று எழுதிக்கொண்டு போகிறோம் அல்லவா? அடுத்த முறை உங்கள் வீட்டு வண்டியோ ஸ்கூட்டரோ பட்டறைக்குப் போகும்போதும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தனுப்புங்கள். நிற்கும்போதா, ஓடும்போதா? குளிரிலா, சூட்டிலா? முன்பக்கமா, பின்பக்கமா? தரையில் ஏதாவது சொட்டியதா? இந்த நாலு கேள்விக்குப் பதில் இருந்தால், 'எஞ்சினைப் பிரிக்கணும்' என்று யாராவது சொல்லும்போது, "ஏன்?" என்று திருப்பிக் கேட்கலாம்.