மணமேடைக்குப் பிறகு



பங்குக்குரு நாவல்களைப் பற்றி எழுதுவதா என்று உங்களுள் சிலர் வியக்கக்கூடும். குருமடத்தில் நாம் பயின்ற நாட்களில் கதை நூல் படிப்பதைக் காலவிரயம் என்று கண்டித்த பெரியவர்கள் உண்டு. நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். சென்ற மழைக்காலத்தில் கணுக்கால் பிசகி மூன்று வாரம் அறையில் முடங்கியபோது, உபதேசியாரின் மகள் ஒரு கட்டு நூல்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவற்றைப் படித்து முடித்தபின் நம் மனத்தில் தங்கியவற்றைச் சொல்ல விழைகிறோம்.

கட்டில் பெரும்பாலானவை ரமணிசந்திரன் எழுதிய காதல் நாவல்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களைத் தந்தவர் அவர். நாம் ஐந்தைப் படித்தோம். நடை தெளிவானது, தாயும் மகளும் கூச்சமின்றிக் கைமாற்றிக்கொள்ளத் தக்க கண்ணியம் உடையது. ஆயினும் இரு குறைகளைச் சொல்லியாக வேண்டும். நாயகனின் கடுஞ்சொல்லை அன்பின் மறைவடிவமாகக் காட்டும் இடங்கள் உள்ளன. கடுஞ்சொல் கடுஞ்சொல்லே என்பதை இளம்பெண்கள் மறத்தலாகாது. மற்றொன்று, பிணக்குத் தீர்ந்து இருவரும் ஒன்றுசேர்ந்ததும் கதை முடிந்துவிடுகிறது. வீட்டு வாடகையும், நோயும், பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் வந்து நிற்பது அதன் பின்னர் அன்றோ?

அடுத்து நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’. அரவிந்தன், பூரணி என்று தம் பிள்ளைகளுக்குப் பெயரிடும் அளவுக்கு அக்கால வாசகர் அதில் தோய்ந்திருந்தனர். இலட்சியம் உயர்ந்ததே. ஆனால் அங்கே காதல் மணமேடையை எட்டுமுன்பே மரணம் குறுக்கிடுகிறது. இல்லறத்தின் சோதனைக்கு அந்த இருவரும் உட்படவே இல்லை.

இறுதியாக எடுத்தது இமையம் எழுதிய ‘செல்லாத பணம்’. 2018-இல் வெளிவந்து, 2020-ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற நாவல். பொறியியல் படித்த ரேவதி, பெற்றோர் விருப்பத்துக்கு மாறாக, ஆட்டோ ஓட்டும் ரவியை மணக்கிறாள். பின்னர் தீக்காயங்களோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் கிடக்கிறாள். வெளியே குடும்பத்தார் காத்திருக்கின்றனர். பெற்றோரிடம் பணம் இருக்கிறது. அது அவள் உயிரை மீட்க உதவவில்லை. உரையாடல்கள் நீள்கின்றன, சொன்னதே திரும்பவும் வருகிறது என்று முதலில் சலித்தோம். ஆயினும் நோயாளிகளைச் சந்திக்கச் சென்ற இடங்களில் நாம் கேட்டவையும் இத்தகைய பேச்சுகளே என்பது நினைவுக்கு வந்தபோது, ஆசிரியர் சரியாகவே எழுதியிருக்கிறார் என்று உணர்ந்தோம்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ஏழு ஆண்டுகளுக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த ஒரு பெண் தன் விருப்பப்படி மணம் புரிந்தாள். மூன்று ஞாயிறும் ஓலை வாசித்ததும், தாலியை மந்திரித்துக் கொடுத்ததும் நாமே. அவள் தந்தை கோவில் பக்கம் வரவில்லை. “காலம் ஆற்றும்” என்று அவரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு, நம் கடமை முடிந்ததென்று இருந்துவிட்டோம். காதல் நாவலாசிரியரைக் குறை சொன்ன நாமும் மணமேடையோடு கதையை முடித்தவரே அல்லவா?

கால் தேறியதும் அந்தத் தந்தையிடம் சென்றோம். “அவளா வரட்டும், சாமி” என்றார். அறிவுரை எதுவும் கூறாமல் அந்நூலை அவர் மேசைமீது வைத்துவிட்டு வந்தோம். இரண்டு மாதங்கள் ஆயின. நூல் திரும்பி வரவில்லை. நாமும் கேட்கவில்லை. மறுவாரம் அடுத்த ஊரிலுள்ள மகள் வீட்டுக்கும் போனோம். “நல்லா இருக்கேன், சாமி” என்றாள். முன்போல அச்சொல்லோடு விடைபெற்று எழாமல், காப்பி ஆறும்வரை அமர்ந்திருந்தோம். அதன் பின்னரே அவள் பேசத் தொடங்கினாள். அவள் சொன்னவை இங்கு எழுதத் தக்கவை அல்ல.

பெற்றோரே, உங்கள் சம்மதமின்றி மணந்த மகளோ மகனோ இருப்பின், அவர்கள் செய்தது சரியா தவறா என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். இந்த வாரம் ஒருமுறை சென்று பாருங்கள். நீங்கள் சேர்த்து வைத்த பணம் செல்லுபடியாகும் நாள் இன்றுதான்.