ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு நடை உலா

காவிரித் தாய் தன் நெடுவழியில் மூன்று இடங்களில் இரு கிளையாகப் பிரிந்து, அரங்கனுக்கு ஆற்றிடைத் தீவுகளை அமைத்துத் தந்திருக்கிறாள். மைசூர்ச் சீமையிலுள்ள ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதி ரங்கம். சிவசமுத்திரம் மத்திய ரங்கம். திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவரங்கம் அந்திய ரங்கம் என்பர் பெரியோர். கோலார் தங்கவயலில் நான்கு தலைமுறையாக வாழும் நம் குடும்பங்களில் ஆதி ரங்கத்தைப் பாராதவர் சிலரே. ஆயினும் பார்த்தவர்களும் பெரும்பாலும் மைசூர் செல்லும் வழியில், பேருந்து நின்ற அரைமணி நேரத்தில் பார்த்தவர்களே. நாங்களும் அவ்வாறே இருமுறை பார்த்திருந்தோம். கோயிலும் மதிலும் கண்ணில் பட்டன; கருத்தில் ஒன்றும் பதியவில்லை.

சென்ற தை மாதத்தில் அந்தக் குறையைப் போக்கிக்கொள்ளத் துணிந்தோம். மூன்று குடும்பங்கள் சேர்ந்தோம். பெரியவரும் சிறியவருமாகப் பதினொரு பேர். எங்களுள் மூத்தவர் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் முப்பதாண்டுகளுக்கு மேல் உழைத்தவர்; 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டபோது வெளியே வந்தவர். சுரங்கத் தூசி அவர் நெஞ்சைவிட்டு இன்னும் நீங்கவில்லை. நூறு அடி நடந்தால் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். கூட்டத்தோடு விரைந்தோடும் சுற்றுலா அவருக்கு ஆகாது. ஆகையால் எங்களுக்கென்றே ஒரு வழிகாட்டியை ஒரு நாளுக்கு அமர்த்திக்கொள்வதென்று முடிவு செய்தோம். செலவு சற்றுக் கூடுதல்தான். மூன்று குடும்பங்களும் பங்கிட்டுக்கொண்டபோது அது பெரிதாகத் தோன்றவில்லை.

மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் சேர்ந்தோம். உறவினர் வீடுகளில் இரவு தங்கி, மறுநாள் விடியற்காலையில் மைசூர் வண்டியைப் பிடித்தோம். மாண்டியாவின் கரும்பு வயல்களைக் கடந்து, காவிரிப் பாலத்தையும் தாண்டியவுடன் கோட்டை மதில் எதிர்ப்பட்டது. இருப்புப்பாதை கோட்டைக்குள்ளேயே நுழைகிறது. ஆகவே வண்டியைவிட்டு இறங்கும் இடமே வரலாற்றின் நடுக்கூடம் எனலாம்.

நிலையத்து வாயிலில் வழிகாட்டி காத்திருந்தார். அறுபது வயதை நெருங்கியவர்; அத்தீவிலேயே பிறந்து வளர்ந்தவர்; கன்னடம், உருது, தமிழ் மூன்றும் அறிந்தவர். எங்கள் பெரியவரின் நடையை ஒருமுறை நோக்கிவிட்டு, “ஐயா எப்படி நடக்கிறாரோ, அப்படியே இன்றைக்கு எல்லாரும் நடப்போம்” என்றார். அந்த ஒரு சொல்லால் அவர் எங்கள் வீட்டு மனிதராகிவிட்டார்.

கோட்டைக்குள்

முதலில் அரங்கநாதர் சந்நிதி. கங்கர் காலத்தில் தோன்றி, ஹொய்சளர், விஜயநகரத்தார் கைவண்ணத்தால் வளர்ந்த கோயில் இது. பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமானைக் கண்டபோது, திருவரங்கத்தில் நின்ற நினைவே எங்கள் வீட்டுப் பெண்களுக்கு வந்தது. 1610இல் ராஜ உடையார் விஜயநகரப் பிரதிநிதியிடமிருந்து இவ்வூரைக் கைப்பற்றித் தம் தலைநகராக்கினார். அன்று முதல் 1799 வரை மைசூர் அரசின் தலைநகர் இதுவே. திப்பு சுல்தான் இக்கோயிலுக்கு வெள்ளிப் பாத்திரங்கள் வழங்கியதை வழிகாட்டி எடுத்துரைத்தார். அதே கோட்டையில், பெங்களூர் வாயிலின் அருகே, இரண்டு உயர்ந்த ஸ்தூபிகளோடு திப்பு கட்டிய பள்ளிவாசல் நிற்கிறது.

இருப்புப்பாதையின் ஓரத்தில் திப்புவின் காலத்து ஆயுதக் கிடங்கு ஒன்று உண்டு. ரயில் பாதையை இரட்டிப்பாக்க அது தடையாக நின்றபோது, இடித்துத் தள்ளாமல், 2017இல் கட்டடத்தை முழுமையாகப் பெயர்த்து நூறு மீட்டருக்கும் அப்பால் நகர்த்தி வைத்தார்களாம். இதைக் கேட்டதும் எங்கள் பெரியவர் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். “ஒரு கிடங்குக்கு இவ்வளவு மரியாதையா?” என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். அப்போது எங்களுக்கு அதன் பொருள் விளங்கவில்லை.

அடுத்து ஆற்றோர மதிலை ஒட்டிய நிலவறைக்குச் சென்றோம். 1780ஆம் ஆண்டு செப்டம்பரில், காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஐதர் அலியும் திப்புவும் ஆங்கிலக் கும்பினிப் படையை முறியடித்தனர். அங்கே சிறைப்பட்ட கர்னல் பெய்லி இவ்வூருக்குக் கொண்டுவரப்பட்டு, 1782இல் சிறையிலேயே இறந்தார். அவர் பெயராலேயே இந்த நிலவறை வழங்குகிறது. வளைந்த செங்கற்கூரை, சுவரில் பதித்த கற்பலகைகள், அவற்றில் கைதிகளைப் பிணைப்பதற்குரிய துளைகள். அதே போரில் பிடிபட்டு நான்காண்டுக் காலம் இவ்வூரில் அடைபட்டுக் கிடந்த பெயர்டு என்பவரே, 1799இல் கோட்டையைத் தாக்கிய படைக்குத் தலைமை தாங்கி வந்தார் என்று வழிகாட்டி சொன்னபோது, பிள்ளைகள் வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தனர்.

அப்போது ஒரு சிறுவன், “தாத்தா, நீங்கள் வேலை செய்த இடமும் இப்படித்தான் இருட்டாக இருக்குமா?” என்று கேட்டான்.

பெரியவர் நிலவறையின் படியில் அமர்ந்தார். காலையிலிருந்து பத்துச் சொற்கூடப் பேசாதவர், மெல்லப் பேசத் தொடங்கினார். “இது இருட்டா? மேலே வெளிச்சம் தெரிகிறதே. நாங்கள் இரும்புக் கூண்டில் இறங்கினால் பத்தாயிரம் அடிக்குக் கீழேயும் வேலை உண்டு. அங்கே பாறையின் சூடு அறுபது பாகைக்கு மேல். மேலேயிருந்து குளிர்ந்த காற்றை இறக்கினால்தான் ஆள் நிற்கலாம். பாறை தன் பாரம் தாங்காமல் திடீரென்று வெடிக்கும். அப்படி வெடித்தால் மேலே ஊரில் வீடுகள் அதிரும். பெண்களெல்லாம் சுரங்க வாயிலுக்கு ஓடி வருவார்கள். கூண்டு மேலே ஏறி வரும்போது, அதில் யார் இருக்கிறார், யார் இல்லை என்று பார்ப்பார்கள்” என்றார். பிறகு இருமினார். நாங்கள் எவரும் பேசவில்லை.

வழிகாட்டி தம் கைத்தடியைச் சுவரில் சார்த்திவிட்டு அவர் பக்கத்தில் அமர்ந்தார். “ஐயா, எந்த ஊர்?” என்று வினவினார். “கோலார் தங்கவயல்” என்றார் பெரியவர். “அப்படியானால் நீங்கள் என் ஊருக்கு விருந்தாளி இல்லை. இந்தத் தீவின் கதையில் பாதி உங்கள் பக்கத்துக் கதை, மாலையில் சொல்கிறேன்” என்று வழிகாட்டி புன்னகை செய்தார்.

வீழ்ச்சியின் நாள்

1792ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார். தம் புதல்வர் இருவரைப் பிணையாக அனுப்ப நேர்ந்தது. அன்று கைமாறிய நிலங்களில் திண்டுக்கல்லும், இன்று கிருஷ்ணகிரி, தருமபுரி என்று நாம் வழங்கும் பாராமகாலும் அடங்கும். நம்மில் எத்தனை வீடுகளின் பூர்வீகம் அந்தப் பக்கத்து ஊர்கள்! ஏழாண்டுகள் கழித்து, 1799 மே 4ஆம் நாள் நண்பகலுக்குப் பின், கோடையில் நீர் வற்றிய காவிரியைக் கடந்து வந்த படை, பீரங்கிகளால் தகர்ந்த மதிலின் வழியே உள்ளே புகுந்தது. நீர்வாயிலின் அருகே போரிட்டபடி திப்பு மாண்டார். அவர் உடல் கிடைத்த இடத்தில் ஒரு சிறு நினைவுக்கல் உண்டு. அவர் வாழ்ந்த லால் மகால் அரண்மனையோ இன்று வெறும் இடிபாடு. அவ்விடத்தில் வழிகாட்டி நெடுநேரம் பேசவில்லை. பேருந்தில் வந்திருந்தால் அந்த மௌனம் எங்களுக்குக் கிடைத்திராது.

பகல் உணவுக்குப் பின், கோட்டைக்கு வெளியே உள்ள தரியா தௌலத் மாளிகைக்கு வண்டியில் சென்றோம். 1784இல் தேக்கு மரத்தால் எழுப்பிய கோடை மாளிகை இது. மேற்குச் சுவர் முழுதும் புள்ளலூர்ப் போர் வண்ண ஓவியமாக விரிந்திருக்கிறது. வெடிமருந்து வண்டி தீப்பற்றி எரிகிறது. காயமுற்ற பெய்லி பல்லக்கில் இருக்கிறார். காலையில் நிலவறையைக் கண்ட பிள்ளைகள், வழிகாட்டி சொல்லும் முன்னரே பெய்லியை அடையாளம் கண்டுகொண்டனர். கற்பிக்கும் முறை என்பது இதுவன்றோ!

பூதிக்கோட்டையிலிருந்து கும்பஸ் வரை

தீவின் கிழக்குக் கோடியில் லால்பாக் தோட்டத்தின் நடுவே கும்பஸ் என்னும் கல்லறை மாளிகை உள்ளது. கருங்கல் தூண்கள், தந்தம் இழைத்த கதவுகள், உள்ளே மூன்று கல்லறைகள். ஐதர் அலி, அவர் மனைவி, மகன் திப்பு மூவரும் அங்கே துயில்கின்றனர். நிழலில் எங்களை அமர்த்தி, வழிகாட்டி காலையில் வாக்களித்த கதையைச் சொன்னார்.

ஐதர் பிறந்தது நம் தங்கவயலுக்கு அருகிலுள்ள பூதிக்கோட்டையில். அவர் தந்தையார் அடக்கமானது கோலார் நகரில். 1782 டிசம்பரில் சித்தூர்ப் பக்கத்துப் பாசறையில் ஐதர் இறந்தபோது, அவர் உடல் முதலில் கோலாருக்கே கொண்டுவரப்பட்டது. பின்னரே இத்தீவுக்கு வந்தது. “எங்கள் ராஜாவை எங்களுக்குக் கொடுத்தவர்கள் நீங்கள்” என்று முடித்தார் வழிகாட்டி.

அவர் விட்ட இடத்திலிருந்து எங்கள் கதையை நாங்கள் தொடுத்தோம். திப்பு வீழ்ந்தபின் ஆங்கிலேயர் மைசூர் எல்லையை அளக்கத் தொடங்கினர். அந்த வேலைக்கு வந்த ஜான் வாரன் என்னும் படை அதிகாரி, 1802இல் மாரிக்குப்பத்துப் பக்கத்தில் ஊர்மக்கள் மண்ணைக் கழுவிப் பொன்துகள் எடுப்பதைக் கண்டு குறிப்பெழுதினார். காய்ச்சலுக்கு அஞ்சிய ஆங்கிலப் படை 1809இல் இத்தீவைவிட்டுப் பெங்களூருக்குப் பெயர்ந்தது. அந்தத் தண்டைச் சார்ந்து தமிழ்க் குடிகள் பலர் அங்கே வந்து சேர்ந்தனர். பெங்களூரில் குடியேறியிருந்த லவெல் என்னும் ஓய்வுபெற்ற படைவீரர், வாரனின் குறிப்பைப் படித்துக் கோலாருக்கு வந்து, 1873இல் மைசூர் அரசிடம் பொன் தேட உரிமம் கோரினார். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் ஆழத் தோண்டினர். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் முன்னோர் வந்து லைன்களில் தட்டிக் குடிசை கட்டிக் குடியேறினர். 1902இல் சிவசமுத்திரத்து அருவியிலிருந்து தொண்ணூறு மைலுக்கும் மேல் கம்பி இழுத்து நம் சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்தது.

சொல்லி வரும்போதே எங்களுக்கு ஓர் உண்மை புலப்பட்டது. முதல் அரங்கம் வீழ்ந்ததால் வந்த அளவைக்காரர் வழியே நம் ஊரை உலகம் அறிந்தது. இரண்டாம் அரங்கத்து அருவியால் நம் சுரங்கம் சுழன்றது. மூன்றாம் அரங்கத்தின் நாட்டு மொழியை நாம் இல்லத்தில் பேசுகிறோம். காவிரி நம் ஊரில் பாயவில்லை. ஆனால் நம் வாழ்வில் பாய்ந்திருக்கிறது.

வழிகாட்டி கேட்ட கேள்வி

மாலையில் ஆற்றின் இரு கிளைகளும் மீண்டும் கூடும் சங்கமத் துறையில் கால் நனைத்து நின்றோம். பேசியபடி கூலியைக் கொடுத்தபோது வழிகாட்டி கேட்டார்: “உங்கள் ஊருக்கு நான் குடும்பத்தோடு வந்தால், சுற்றிக் காட்டிக் கதை சொல்ல ஆள் உண்டா?”

எங்களிடம் விடை இல்லை. தலைநகர் என்ற பெயரை இழந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு நாக்கு இருக்கிறது. சுரங்கம் மூடிக் கால் நூற்றாண்டே ஆன நம் ஊரிலோ, வேலிக்கு அப்பால் நிற்கும் கோபுரச் சட்டங்களைக் காட்டி, அவை என்ன என்று கேட்கும் பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர். காலை வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இருட்டியபின் திரும்பும் தந்தைமாருக்குக் கதை சொல்ல நேரமில்லை. தெரிந்த பெரியவர்களோ ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர். அந்தக் கிடங்குச் சுவரை எங்கள் பெரியவர் ஏன் தொட்டுப் பார்த்தார் என்பது அப்போதுதான் விளங்கியது.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை அதே பதினொருவரும் சாம்பியன் ரீப்பில் கூடினோம். இம்முறை வழிகாட்டி எங்கள் பெரியவரே. நூறு அடிக்கு ஒருமுறை அவர் நின்றார்; நின்ற இடமெல்லாம் ஒரு கதை. கிப்போர்டு குழியை வேலிக்கு வெளியே நின்று காட்டினார். 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர் வேலை நிறுத்தியதைத் தம் பாட்டனார் சொல்லக் கேட்டபடி சொன்னார். 1965இல் இதே சுரங்கத்தின் ஆழத்தில் விஞ்ஞானிகள் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தைக் கண்டதைச் சொன்னார். மலைபோல் குவிந்த சயனைடு மண்மேட்டின் அடியில் நின்று, “இது முழுவதும் நாங்கள் கீழேயிருந்து மேலே அனுப்பியது” என்றார். ஒரு மைல் நடக்க மூன்று மணி நேரமாயிற்று. பிள்ளைகள் எவரும் சலிக்கவில்லை.

ஸ்ரீரங்கப்பட்டணம் செல்ல விரும்பும் அன்பர்கள், வெயில் கடுமையில்லாத மாதங்களில், காலையிலேயே தொடங்குவது நலம். வழிகாட்டியின் கூலியை முன்னரே பேசிக்கொள்க. கோட்டைக்குள் நடந்தே பாருங்கள். தரியா தௌலத்துக்கும் கும்பசுக்கும் வண்டி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன், உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருக்கும் சுரங்கத்துப் பெரியவர் ஒருவரோடு நூறு அடி நடந்து பாருங்கள். அவர் சொல்வதை எழுதி நம் இதழுக்கு அனுப்புங்கள். அந்த வழிகாட்டியை நம் ஊருக்கு அழைத்திருக்கிறோம். அவர் வரும்போது நாம் ஊமையாக நிற்கலாகாது.