கோடாக இருக்கும்போதே சொல்லுங்கள்

அந்த வீட்டின் பிளானில் நான்கு பேர் கை தெரிந்தது. அடியில் பெங்களூர் இன்ஜினியர் அச்செடுத்துக் கொடுத்த கறுப்புக் கோடுகள். அவற்றின்மேல் வீட்டுக்காரரின் நீலப் பேனா, அவர் மனைவியின் பென்சில், கடைசியாக மேஸ்திரியின் சிவப்பு மை. சிமென்ட் மூட்டைகள் அடுக்கிய தகர ஷெட்டில், பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஆணியில் மாட்டியிருந்தார்கள். சமையலறை ஜன்னல் மூன்று இடங்களில் இருந்தது. மாடிப்படி ஒருமுறை வெளியே போய், அடித்துத் திருத்தப்பட்டு, மறுபடி உள்ளே வந்திருந்தது.

கோலார் தங்கவயலில் ஆண்டர்சன்பேட்டையை ஒட்டிய முப்பதுக்கு நாற்பது சைட் அது. வீட்டுக்காரருக்கு பெங்களூரில் வேலை. அவருடைய அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டில் உழைத்தவர். மேஸ்திரியின் அப்பாவும் சுரங்கத்தார்தான்; உள்ளே பாறைக்கு மரமுட்டுக் கொடுக்கும் வேலை. மேஸ்திரிக்கு ஐம்பது வயதிருக்கும். பெங்களூரில் பெரிய பெரிய வீடுகளில் கொத்தனாராக இருந்துவிட்டுச் சொந்த ஊரில் கட்டிக் கொடுக்க வந்திருக்கிறார். வீடு கட்டுகிறவர்கள் நடுவில் மனம் மாறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“மாறாம இருந்தாத்தான் சார் அதிசயம். பேப்பர்ல பாக்கறது வேற, சுவரு எழும்பினப்புறம் உள்ள நின்னு பாக்கறது வேற. பிளானைப் பாத்துக் கல்லு வெச்சுக்கினே போறதுக்கு மேஸ்திரி எதுக்கு?”

இந்த ஊரில் வீட்டைப் பற்றி மனம் மாறுவது புதிதாகக் கிடைத்த வசதி. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்க வேலையைக் கையில் எடுத்தபின், வட ஆற்காட்டிலிருந்தும் சுற்றுப்புற மாவட்டங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த தமிழர்கள். அவர்களுக்குக் கம்பெனி கொடுத்தவை ‘லைன்’ வீடுகள். முதலில் மூங்கில் தட்டி, பிறகு தகரம். ஏறக்குறைய பத்தடிக்குப் பத்தடியில் ஓர் அறை, பக்கத்தில் அதேபோல் இன்னொன்று, வரிசையாக. சிவனசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து 1902-இலேயே சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்த ஊர் இது. அந்தச் சுரங்கத்தில் இறங்கியவரிடம் உன் வீட்டுக்கு ஜன்னல் எந்தப் பக்கம் வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. 1956-இல் சுரங்கம் மைசூர் அரசின் கைக்கு வந்தது, 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது. லைன் லைனாகவே இருந்தது. குடும்பம் பெருகப் பெருக முன்னால் ஒரு தட்டி, பின்னால் ஒரு மறைப்பு என்று ஆட்களே இழுத்துக் கட்டிக்கொண்டார்கள். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்ட பிறகும் அந்த ஒட்டு வேலை நிற்கவில்லை. லைன் தெருக்களில் நடந்தால் ஒரே அச்சில் வார்த்த வீடுகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு முகத்தோடு நிற்பதைப் பார்க்கலாம். அப்படி ஒட்டுப்போட்டே பழகிய குடும்பத்துக்கு வெற்று சைட்டும் வெள்ளைத் தாளும் கிடைத்தால், நான்கு கை பட்டும் பிளான் முடியாது.

ஆனால் இந்த வீட்டில் முதல் மாற்றத்தைக் கேட்டது குடும்பத்தார் யாருமில்லை, பூமிதான். சுண்ணாம்புக் கோடு போட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியபோது வடகிழக்கு மூலையில் இரண்டடியிலேயே பாறை வந்துவிட்டது. தென்மேற்கு மூலையில் ஐந்தடி போயும் கொட்டு மண். அதில் அடுப்புச் சாம்பல், ஓட்டுத் துண்டு, துருப்பிடித்த இரும்புக் கயிற்றின் பிரி, சுரங்கத்திலிருந்து வந்த உடைகல். எப்போதோ ஒரு பள்ளத்தை மூடி மேடாக்கிய இடம். நூறு வருஷத்துக்கு மேல் தோண்டியும் கொட்டியும் புரட்டிய ஊரில் இப்படி அமைவது சகஜம்.

ஒரு பக்கம் பாறையிலும் மறுபக்கம் கொட்டு மண்ணிலும் வீட்டை உட்கார வைத்தால், பாறைமேல் இருக்கும் பாதி அசையாது. மண்மேல் இருக்கும் பாதி மெல்ல இறங்கும். நடுவில் சுவர் கிழியும். ஆழம் எவ்வளவு போக வேண்டும் என்று மேஸ்திரி பார்த்த விதம் கவனிக்கத் தக்கது. வானத்துக்குள் இறங்கிக் கடப்பாரையை ஓங்காமல், ஒரு சாண் உயரத்திலிருந்து தன் எடையிலேயே விழ விட்டார். காதைச் சாய்த்துக் கேட்டார். ஓரடி தள்ளி மறுபடி. கொட்டு மண்ணில் சத்தம் அமுங்கியது. ஒன்றரை அடி இன்னும் வெட்டிய பிறகு ‘ணங்’ என்று வந்தது. சுரங்கத்தில் ஷிப்டு தொடங்குமுன் மேல்பாறையைக் கம்பியால் தட்டிச் சத்தம் கேட்பார்கள். பொள்ளலாக ஒலித்தால் அடியில் நிற்க மாட்டார்கள். அப்பாவிடம் கற்றது என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்டதற்கு, “இங்க எல்லாருக்கும் தெரியும்” என்றார்.

காது சொன்னதோடு அவர் நிற்கவில்லை, இன்ஜினியரை வரவழைத்தார். கெட்டித் தரை வரும்வரை கொட்டு மண்ணை அள்ளி வெளியேற்றுவது, அங்கிருந்து கான்கிரீட் படுகை போட்டு சைஸ் கல் கட்டி மேலே வருவது, பாறையின் சரிவைப் படிபடியாக வெட்டிச் சமமாக்குவது, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கச் சுற்றிலும் பிளிந்த் பீம் ஓட்டுவது என்று முடிவானது. வரவேற்பறைக்கு கிரானைட் போட ஒதுக்கிய பணம் மண்ணுக்குள் போயிற்று. எதிர்பாராத செலவுக்கென்று ஒரு தொகையைத் தனியே எடுத்து வைக்காமல் வானம் தோண்டாதீர்கள் என்று எல்லா வீட்டுக்காரர்களிடமும் சொல்வதாகவும், எடுத்து வைப்பவர்கள் குறைவு என்றும் மேஸ்திரி சொன்னார்.

ஜன்னல் உயரத்துக்கு மேலே சுற்றிலும் கான்கிரீட் பெல்ட் ஓட வேண்டும் என்பதில் மட்டும் இந்த ஊர்ப் பெரியவர்கள் யாரும் பேரம் பேசுவதில்லை. சாம்பியன் ரீஃபில் சுரங்கம் பத்தாயிரம் அடிக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். அந்தக் காலத்தில் ‘ஏர் பிளாஸ்ட்’ என்பார்கள். பெரிய வெடிப்பின் அதிர்வு மேலே ஊர்வரை வந்து சுவர்களில் விரிசல் விட்டிருக்கிறது. சுரங்கம் மூடி உள்ளே தண்ணீர் ஏறிய பிறகும் சிறு அதிர்வுகள் பதிவாகியிருக்கின்றன. வாய்மொழியாக வந்த அந்தப் பயம் இங்கே கட்டட விதியைப் போல வேலை செய்கிறது.

அடுத்தது ஜன்னல். பிளானில் சமையலறை ஜன்னல் மேற்கே பார்த்திருந்தது. பெங்களூரில் உட்கார்ந்து பார்த்தால் அதில் குற்றமில்லை. இங்கே வந்து நின்றால் மேற்கே சயனைட் மேடு. தங்கம் எடுத்தபின் மிஞ்சிய அரைத்த கல் மாவு, ஊரில் பல இடங்களில் மலை மலையாகக் குவிந்திருக்கிறது. மூன்று கோடி டன்னுக்கு மேல் என்பது கணக்கு. ஆடிக் காற்று எழும்பினால் அந்த மாவும் எழும்பும். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்த வாரத்தில் வீட்டுக்காரரின் மனைவி உள்ளே நின்று பார்த்தார். மாமியாரும் பார்த்தார். “இங்க அடுப்பு வெச்சா சோத்துல மண்ணுதான்” என்று மாமியார் சொன்னதும் பென்சில் கோடு விழுந்தது.

அப்போது சுவரில் ஜன்னலுக்கு விட்ட இடைவெளி மட்டும்தான் இருந்தது. மேலே லிண்டல் போட்டிருக்கவில்லை. ஆகவே சுலபம்: இடைவெளியை சாலிட் பிளாக்கால் அடைத்து, உயரத்தில் ஒரு சின்ன வென்டிலேட்டர் மட்டும் விட்டு, ஜன்னலை வடக்குச் சுவருக்கு மாற்றினார்கள். வடக்கில் ஏற்கெனவே எழும்பிய மூன்று வரியைப் பிரிக்க வேண்டியிருந்தது. சித்தாள் பெண் ஒருவர் கலவை முழுக்க இறுகாத பிளாக்குகளைச் சேதமில்லாமல் கழற்றி, ஒட்டியிருந்த கலவையைக் கரணையால் சுரண்டி, தண்ணீர் ஊற்றி மறுபடி அடுக்கினார். இரண்டு நாள் தள்ளிச் சொல்லியிருந்தால் அவை உடைகல்லாகத்தான் வந்திருக்கும். மேஸ்திரி வீட்டுக்காரர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: “கோடா இருக்கும்போதே சொல்லுங்க. சுண்ணாம்பை அழிக்க எனக்குக் கால் போதும். கல்லை அழிக்கக் காசு வேணும்.”

அந்த மாவையே கல்லாக்கிக் கட்டினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. ஆராய்ச்சி நடந்திருக்கிறது. இந்த மேட்டு மண்ணில் செங்கல் செய்து பார்த்த ஆய்வு ஒன்று 2007-இல் வெளிவந்தது. தனியாகப் பிசைந்தால் அதில் பிடிப்பு இல்லை; சிமென்டோ கரிசல் மண்ணோ செம்மண்ணோ கலந்தால்தான் கல்லாகும். மேஸ்திரி அதற்குள் போகவில்லை. மாலூர் செங்கல்லும் சாலிட் பிளாக்கும் கூப்பிட்டால் வாசலில் வந்து இறங்கும்போது, அதை யார் பிசைவது என்றார்.

வேலையின் உச்சம் கூரை போடும் நாள். அதற்கு முந்தைய இரண்டு நாட்கள்தாம் மனம் மாற்றிக்கொள்ளக் கடைசி வாய்ப்பு. சென்ட்ரிங் பலகையின்மேல் கம்பி கட்டி முடித்து, கரண்ட் பைப்பும் ஃபேன் பாக்ஸும் வைத்த பிறகு, மேஸ்திரி வீட்டுக்காரர் குடும்பத்தை மேலே ஏற்றினார். கம்பிகளுக்கிடையே பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நடந்தார்கள். கட்டில் எந்தப் பக்கம் வரும், தலை எங்கே என்று கேட்டார். கிழக்கே தலை என்றதும், மகன் அறையின் ஃபேன் பாக்ஸ் கட்டிலுக்கு நேராக வரவில்லை என்று தெரிந்தது. எலக்ட்ரீசியன் பையன் கட்டுக்கம்பியை வெட்டி, பெட்டியை இரண்டடி நகர்த்தி, மறுபடி கட்டினான். சில நிமிஷ வேலை. கான்கிரீட் விழுந்த பிறகு அதே இரண்டடிக்குக் கூரையின் அடியைக் கொத்த வேண்டும். கொத்தினால் கம்பி வெளியே தெரியும். தெரிந்த கம்பி துருப்பிடிக்கும். கம்பிக்கு அடியில் 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருப்பதற்காகத்தானே அங்கங்கே கவர் பிளாக் வைத்திருக்கிறார்கள்.

பாத்ரூம் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. மாடியில் ஒரு பாத்ரூமை மூலைக்கு மாற்ற வேண்டும் என்றார் வீட்டுக்காரர். பாத்ரூம் வரும் இடத்தில் கூரையைத் தாழ்த்தி வார்ப்பார்கள். குழாய்கள் அந்தப் பள்ளத்தில் ஓடும். இடம் மாறினால் பலகை, கம்பி, கீழே இறங்கும் குழாய் எல்லாம் மாறும். மேஸ்திரி முடியாது என்று சொல்லவில்லை. மூன்று கேள்வி கேட்டார்: கீழே அந்த இடத்துக்கு நேராக என்ன அறை? கசிந்தால் யார் தலையில் சொட்டும்? சென்ட்ரிங்காரருக்கு இரண்டு நாள் கூலி யார் கொடுப்பது? கீழே பூஜை அறை என்று தெரிந்ததும் வீட்டுக்காரரே கோரிக்கையைக் கைவிட்டார்.

ஹாலின் நடுவே நின்ற தூணை எடுத்துவிட முடியுமா என்று வீட்டுக்காரர் கேட்டபோது மட்டும் பதில் வேறு மாதிரி வந்தது. “அது என் கையில இல்ல. இன்ஜினியர் கணக்குப் போட்டு எழுதிக் குடுத்தா எடுக்கறேன். வாயில சொன்னா எடுக்க மாட்டேன்.” இன்ஜினியர் எழுதித் தரவில்லை. எதை உடனே மாற்றலாம், எதற்கு இன்ஜினியரைக் கேட்க வேண்டும் என்று பிரித்துக் காட்டத் தெரிந்தவரைத்தான் இங்கே நல்ல மேஸ்திரி என்கிறார்கள். சுவர் நேராக எழும்பத் தூக்குக்குண்டும் ரசமட்டமும் போதும்; இந்தப் பிரித்தறிதலுக்குக் கருவி கிடையாது.

பணத்துக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறார். லேபர் கான்ட்ராக்ட், சதுர அடிக்கு இவ்வளவு என்பது பேச்சு. பிளானைத் தாண்டிய ஒவ்வொன்றும் ‘எக்ஸ்ட்ரா’ என்ற தலைப்பில் தேதியோடு ஏறும். பக்கத்தில் யார் சொன்னது, எவ்வளவு, சொன்னவர் கையெழுத்து. பேச்சாகப் போன மாற்றம் கடைசிக் கணக்கில் சண்டையாக வரும் என்பது அவர் அனுபவம். இதில் ஒரு நியாயமும் வைத்திருக்கிறார்: ஆட்களின் தவறால் பிரித்துக் கட்டியது எக்ஸ்ட்ராவில் ஏறாது. அந்தக் கூலியை அவரே தாங்குகிறார்.

ஆள் கிடைப்பதுதான் அவருடைய தீராத தலைவலி. கை பழகிய கொத்தனார்களும் கம்பி கட்டுகிறவர்களும் விடியுமுன்னே மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூர் போய்விடுகிறார்கள். அங்கே கூலி அதிகம். அதனால் தேதி தள்ளிப்போகும் மாற்றம் எதுவும் மேஸ்திரிக்கு இருமடங்கு வலி. கூரை ஒருநாள் தள்ளினால் கான்கிரீட் போடும் கும்பல் வேறு சைட்டுக்குப் போய்விடும், திரும்ப வர வாரமாகும். கூரை வார்த்த பின்னும் அவசரப்பட முடியாது. சுவருக்குச் சுவர் இடைவெளி நாலரை மீட்டருக்குட்பட்ட கூரைக்கு முட்டு ஏழு நாள் நிற்க வேண்டும், அதற்கு மேற்பட்டால் பதினான்கு நாள். அந்த நாட்களில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி வைப்பார்கள். பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து தண்ணீர் வந்த ஊரில் இப்போது வீடு கட்டும் தண்ணீருக்கு டேங்கர் கூப்பிட வேண்டியிருக்கிறது.

முட்டு பிரித்த பிறகு மாமியார் தன் பங்குக்கு ஒன்று கேட்டார். முன்னால் கார் நிற்க விட்ட இடத்தில் ஒரு திண்ணை வேண்டும். லைனில் இருந்த காலத்தில் சாயந்திரமானால் எல்லாரும் வாசலில்தான் உட்கார்ந்திருப்பார்களாம்; இந்த வீட்டில் உட்காரவே இடமில்லை என்றார். மகன் காரின் நீளத்தைச் சொல்லி மறுத்தார். மேஸ்திரி டேப்பை இழுத்து அளந்து, கார் போக ஒன்றரை அடி மிச்சம் இருக்கிறது, அங்கே பாரம் எதுவும் இல்லை, கட்டலாம் என்றார். உயரத்தை அவர் முடிவு செய்யவில்லை. இரண்டு சாலிட் பிளாக்கை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, “உக்காருங்க ஆயா” என்றார். உட்கார்ந்து பார்த்துவிட்டு, எழுந்திருக்கும்போது முட்டி பிடிக்கிறது, இன்னும் ஓர் இஞ்சு வேண்டும் என்றார் ஆயா. மேலே ஒரு பலகை வைத்து மறுபடி உட்கார வைத்தார்கள்.

மகன் நோட்டை எடுத்துக்கொண்டு, இதற்கு எவ்வளவு போட என்று கேட்டார்.

“இருங்க சார்,” என்றார் மேஸ்திரி. “இன்னும் ரெண்டு நாள் இதுலயே உக்காந்து பாக்கட்டும். அப்புறம் எழுதிக்கலாம்.”