திருடனுக்குத் தெரியக் கூடாதா... தம்பிக்குத் தெரியக் கூடாதா? காரில் ஜிபிஎஸ் எங்கே வைக்கலாம்?

சித்திரைத் திருவிழாவுக்குத் தல்லாகுளம் வரும் கள்ளழகரையே இப்போது செல்போனில் தேடலாம். மண்டகப்படி மண்டகப்படியாக நின்று வருகிறவர் இந்த நேரம் எங்கே இருக்கிறார் என்று காட்ட, 'ட்ராக் அழகர்' என்ற வசதியைக் காவல்துறை கொண்டுவந்தது. அழகர் விஷயத்தில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. வீட்டுக் காரில் ஜிபிஎஸ் டிராக்கர் பொருத்துகிறவர்கள்தான், 'யாருக்கும் தெரியாம எங்கே வைக்கலாம்?' என்று கேட்கிறார்கள்.

தல்லாகுளத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் கார் எலக்ட்ரீஷியனிடம் அதைத்தான் கேட்டார். அவர் வேலையை நிறுத்தாமலே திருப்பிக் கேட்டார்: "திருடனுக்குத் தெரியக் கூடாதா சார், தம்பிக்குத் தெரியக் கூடாதா?"

ஆசிரியரிடம் பதில் இல்லை. ராத்திரியில் மகன் திருச்சி நான்குவழிச் சாலையில் எவ்வளவு வேகத்தில் போகிறான் என்பதுதான் அவருடைய கவலை.

திருடனுக்கு மறைப்பது எளிது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வந்து சேரும் சிக்னல் மிக மெல்லியது. கண்ணாடி, பிளாஸ்டிக், துணியைத் தாண்டி வந்துவிடும். இரும்புத் தகடு குறுக்கே இருந்தால் தடுமாறும். அதனால் டேஷ்போர்டின் பிளாஸ்டிக்குக்கு அடியில், மேலே உலோகம் இல்லாத இடம்தான் பெரும்பாலானவர்களின் தேர்வு. பின்சீட்டுக்குப் பின்னால், கண்ணாடியை ஒட்டிய பலகைக்கு அடியிலும் வைக்கலாம். வண்டிக்கு அடியில் காந்தத்தால் ஒட்டினால் சேறும் தண்ணீரும் பதம் பார்க்கும். டேஷ்போர்டுக்கு மேலே வைப்பது மதுரை வெயிலுக்கு ஆகாது. உள்ளே இருக்கும் பேட்டரி உப்பிவிடும்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் செருகும் வகைக்கு வயர் வேலையே இல்லை. ஆனால், திருடனும் குனிந்து ஒரே இழுப்பில் பிடுங்கிவிடுவான். பேட்டரியிலிருந்து வயர் எடுத்தால் நடுவில் ஃபியூஸ் கட்டாயம். மஞ்சள் நிற வயர் பக்கம் கையே போகக் கூடாது, அது பெரும்பாலும் ஏர்பேக்குக்குப் போவது. கருவிக்குள் சொந்த பேட்டரி இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது. வயரை வெட்டினாலும் கொஞ்ச நேரம் தகவல் அனுப்பும்.

மகனுக்கு மறைப்பதுதான் சிக்கல். வாடகை டாக்ஸியில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் புதிய டாக்ஸி, பேருந்துகளுக்கு இருப்பிடம் காட்டும் கருவியும் அவசர பட்டனும் வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. அந்தக் கருவி இருப்பது ஓட்டுகிறவருக்கும் தெரியும். வீட்டுக் காருக்கு அப்படி விதி இல்லை. ஆனாலும் ஜாமீனில் வந்தவரைக்கூட, 'கூகுள் மேப்பில் இருப்பிடத்தைப் போலீஸுக்குக் காட்டிக்கொண்டே இரு' என்று நிபந்தனை போட்டுக் கண்காணிக்க முடியாது. அது அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவருக்கே அப்படியென்றால், பெற்ற பிள்ளை என்ன பாவம் செய்தான்?

ஆசிரியர் அன்று கருவியைப் பொருத்தாமலே வீட்டுக்குப் போனார். ராத்திரி சாப்பாட்டின்போது மகனிடம் சொன்னார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட மகன், மறுநாள் ஒரு நிபந்தனையோடு வந்தான். செயலி அவன் போனிலும் இருக்க வேண்டும். அப்பா காரை எடுத்தால் அவனும் பார்ப்பான்!

டேஷ்போர்டுக்குள் டிராக்கர் ஏறிவிட்டது. எந்த இடத்தில் என்பது மூன்று பேருக்கு மட்டும் தெரியும், எலக்ட்ரீஷியனையும் சேர்த்து. அதற்குள் இருக்கும் சிம்முக்கு ரீசார்ஜ் செய்யப்போவது யார் என்பதில்தான் அப்பாவுக்கும் மகனுக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை.